சிஸ்டரைக் கேளுங்க: நம்ம நோய் யாருக்கெல்லாம் தெரியணும்?

போன இதழ்ல, ஓபி கூட்டத்துக்கு நடுவுல டாக்டர்கிட்ட எப்படி மனசு விட்டுப் பேசுறதுன்னு கேட்ட ஒரு அம்மாவுக்கு பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது, ஆஸ்பத்திரியில சொன்னது வெளிய போயிருச்சு, இப்ப என்ன பண்றது. முக்காவாசிப் பேர் "பேர் போடாதீங்க சிஸ்டர்"னு அடியில எழுதியிருக்காங்க. யார் பேரும் போடல, ஊரும் போடல, ஆள் இன்னாருன்னு தெரியுற சின்னச் சின்ன விவரத்தையும் எடுத்துட்டேன். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ நான், எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

கேள்வி: குழந்தை பிறந்து நாலாவது மாசம் எனக்கு மனசு சரியில்லாம போச்சு. மனநல டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை சாப்பிடுறேன், இப்ப நல்லா இருக்கேன். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். தெருமுனை மெடிக்கல்ல மாத்திரை வாங்குவேன், அந்த அண்ணன் எங்க மாமியார்கிட்ட "மருமக அந்த மனசு மாத்திரை இன்னும் சாப்பிடுதா"ன்னு சாதாரணமா கேட்டுட்டார். அன்னைலருந்து குழந்தையை என்கிட்ட தனியா விட மாட்டேங்கிறாங்க. அவர் கேட்டது தப்பில்லையா?

பதில்: தப்புதான் தங்கச்சி, சந்தேகமே வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்துல கேட்டிருக்க மாட்டார், தெரிஞ்ச வீடு, அக்கறையா விசாரிக்கிறோம்னு நினைச்சிருப்பார், நம்ம ஊர்ல பாதி ரகசியம் இப்படி அக்கறையிலதான் உடையுது. ஆனா பார்மசிஸ்ட்டுக்கும் டாக்டர் மாதிரியே கடமை இருக்கு, தொழில் பண்ணும்போது தெரிஞ்சுக்கிட்ட நோயாளியோட விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு 2015ல வந்த பார்மசி விதிமுறையிலயே இருக்கு. மனநல விஷயத்துல சட்டம் இன்னும் கண்டிப்பு. 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலம் சம்பந்தமா நோயாளி பத்தின எந்தத் தகவலையும் சிகிச்சை கொடுக்குறவங்க ரகசியமா வச்சுக்கணும்னு தனிப் பிரிவாவே சொல்லுது. அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு, இந்த மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. மாமியார் விசாரிச்சாங்கங்கிறது அதுல வராது.

முதல்ல அந்த அண்ணன்கிட்ட நேர்ல போய், கடையில கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, "நீங்க கேட்டதுனால எங்க வீட்டுல இப்படி ஆயிருச்சு"ன்னு சொல்லுங்க. பெரும்பாலும் பதறிப் போயிடுவார், இனிமே வாயத் திறக்க மாட்டார். கேக்கலைன்னா மாநில பார்மசி கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். மாமியார்கிட்ட உங்க வீட்டுக்காரர் பேசட்டும், நீங்க பேச வேண்டாம். பிரசவத்துக்கப்புறம் மனசு இறங்குறது நிறையப் பேருக்கு வர்றது, மாத்திரைக்கு நல்லாவே கேக்கும், அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிட்டு வரவான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும். நடுராத்திரி மனசு தாங்கலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: எனக்கு ஏற்கனவே ரெண்டு குழந்தை. மறுபடி உண்டாயிருக்கு, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியில "புருஷன் கையெழுத்து இல்லாம தொட மாட்டோம்"னு சொல்றாங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டையும் என்னைக் கேக்காம அவர் நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டாங்க.

பதில்: 18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு கருக்கலைப்புக்கு அவ சம்மதம் மட்டும் போதும், 1971லருந்தே சட்டம் அப்படித்தான். புருஷன் கையெழுத்து ஆஸ்பத்திரிக்காரங்க தங்களோட பாதுகாப்புக்கு வாங்குறது, சட்டம் கேக்கல. 2021 திருத்தத்துல இன்னொண்ணும் சேர்த்தாங்க, கருவைக் கலைச்ச பொண்ணோட பேரையோ விவரத்தையோ டாக்டர் வெளிய சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டப்படி அதிகாரம் உள்ளவங்க கேட்டா மட்டும்தான் சொல்லலாம். அவங்க வைக்கிற அட்மிஷன் ரிஜிஸ்டரே ரகசிய ஆவணம், மத்த பேப்பர்ல எல்லாம் உங்க பேருக்குப் பதிலா சீரியல் நம்பர்தான் போடணும். ரிப்போர்ட் யார் நம்பருக்குப் போகணும்னு அடுத்த தடவை ஸ்கேன் சென்டர் கவுண்டர்லயே "என் நம்பர் மட்டும்"னு சொல்லி, எழுதுறதைப் பார்த்துட்டு உள்ள போங்க. நாள் தள்ளாதீங்க கண்ணு, வாரம் கூடக் கூட சிக்கல்.

கேள்வி: ஜவுளிக்கடையில சேல்ஸ்மேனா இருக்கேன், வயசு 34. நம்பிக்கை மையத்துல டெஸ்ட் எடுத்தேன், எச்ஐவி பாசிட்டிவ்னு வந்துருச்சு. மனைவிகிட்ட இன்னும் சொல்லல. கவுன்சிலர் மேடம் "நீங்க சொல்லுங்க, இல்லைன்னா நாங்க சொல்ல வேண்டி வரும்"னு சொல்றாங்க. அவங்களுக்கு அந்த உரிமை இருக்கா? ஊருக்குத் தெரிஞ்சா நான் உயிரோடவே இருக்க முடியாது.

பதில்: தம்பி, கடைசி வரியை மறுபடி மறுபடி படிச்சேன். மொதல்ல அதுக்கு. இந்தக் கிருமி இருந்தாலும் மாத்திரையை ஒரு நாள் விடாம சாப்பிட்டா வேலை பார்க்கலாம், பேரன் பேத்தி பார்க்கலாம். எச்ஐவி சிகிச்சை கொடுக்குற அரசு ஏஆர்டி மையத்துல மாத்திரை இலவசம். ரத்தத்துல கிருமி அளவு கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு இறங்கி, அது அப்படியே நின்னுட்டா, உடலுறவு மூலமா மனைவிக்குப் பரவாது, இது உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணி ஒத்துக்கிட்ட விஷயம். உயிரை விடுற எண்ணம் வந்தா அந்த நிமிஷமே நான் மேல சொன்ன 14416க்கு அடிங்க, எச்ஐவி பத்தி என்ன சந்தேகம்னாலும் 1097.

உங்க பயம் எனக்குப் புரியாம இல்ல. 1986ல இந்தியாவுலயே முதல் தடவையா இந்தக் கிருமி இருக்குன்னு கண்டுபிடிச்சது நம்ம சென்னையில எடுத்த ரத்தத்துலதான், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அதுக்கப்புறம் பத்து வருஷம் நாங்க ஆஸ்பத்திரியில நடந்துக்கிட்ட விதத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, கட்டில் கால்மாட்டுல கேஸ் ஷீட் தொங்கும், ஒருத்தரோட ஷீட்ல மட்டும் மேல சிவப்பு மையில பெரிசா எழுதி வட்டம் போட்டிருந்தாங்க. பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்த சிவப்பைப் பார்த்தே என்னவோன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கட்டில் காலி. கேண்டீன் பையன் அவர் டீயை ஸ்டூல் மேல வைக்காம தரையில வச்சுட்டுப் போனான். அவர் குனிஞ்சு அதை எடுக்கவே இல்ல, ராத்திரி டியூட்டிக்கு நான் போறப்ப டீ மேல ஆடை படிஞ்சு அப்படியே இருந்தது. அந்த ஷீட்டைத் திருப்பிப் போடணும்னு எனக்கு அன்னைக்குத் தோணல, அது என் தப்பு, அதுக்கப்புறம் ஒரு ஷீட்டையும் முகம் தெரியுற மாதிரி நான் தொங்க விட்டதில்ல.

இப்ப உங்க கேள்வி. இது கோர்ட் வரைக்கும் போன விஷயம், அதுவும் சென்னையிலருந்து. 1995ல நாகாலாந்துலருந்து நோயாளி ஒருத்தருக்குத் துணையா சென்னைக்கு வந்த ஒரு டாக்டர்கிட்ட ரத்தம் எடுத்தாங்க, எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது, அந்தத் தகவல் வெளிய போய் அவருக்கு நிச்சயமான கல்யாணமே நின்னுபோச்சு. ரகசியத்தைக் காப்பாத்தலைன்னு அவர் ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டார். 1998ல சுப்ரீம் கோர்ட், நோயாளிக்கு அந்தரங்க உரிமை உண்டு, ஆனா கட்டிக்கப் போற பொண்ணோட உயிருக்கு ஆபத்துன்னா அவளுக்குத் தெரியுற உரிமைதான் பெரிசுன்னு சொல்லி அவர் கேஸை ஏத்துக்கல. அதோட நிக்காம, எச்ஐவி இருக்கிறவங்களோட கல்யாண உரிமையைப் பத்தியும் கடுமையா எழுதிட்டாங்க, அதை மட்டும் 2002ல சுப்ரீம் கோர்ட்டே திரும்ப எடுத்துக்கிச்சு.

இப்ப 2017 எச்ஐவி சட்டம் இருக்கு, 2018 செப்டம்பர்லருந்து அமல்ல இருக்கு. உங்க சம்மதம் இல்லாம உங்க நிலையை யாரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அதுதான் பொது விதி. மனைவி மாதிரி துணைக்கு மட்டும் டாக்டரோ கவுன்சிலரோ சொல்ல ஒரு வழி வச்சிருக்காங்க, அதுவும் படிப்படியா. அவங்களுக்குத் தொத்துற ஆபத்து நிஜமா இருக்கணும், நீங்களே சொல்லச் சொல்லி உங்களுக்கு ஆலோசனை கொடுத்திருக்கணும், அப்புறமும் நீங்க சொல்ல மாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெளிவாகணும், நாங்க சொல்லப் போறோம்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும், அதுக்கப்புறம் மனைவிகிட்ட நேர்ல, ஆலோசனையோட, பக்குவமா சொல்லணும். போன்ல சொல்றது, மாமனாரைக் கூப்பிட்டுச் சொல்றது எல்லாம் கிடையாது. அதனால அந்த மேடம் உங்களை மிரட்டல தம்பி, சட்டம் சொன்ன படியில நின்னு உங்களுக்கு டைம் கொடுக்குறாங்க.

என்னைக் கேட்டா நீங்களே சொல்லணும், இந்த வாரமே. மனைவிக்கும் டெஸ்ட் எடுக்கணும், அவங்க உடம்பு பத்தின விஷயம் இது, அவங்களுக்குத் தெரியாம வச்சிருக்க உங்களுக்கு உரிமை இல்ல. வீட்டுல வச்சு சொல்ல முடியலைன்னா நம்பிக்கை மையத்துக்கே கூட்டிட்டுப் போங்க, அந்த ரூம்ல கதவைச் சாத்திட்டு மூணு பேரும் உக்காந்து பேசலாம். ஆனா மனைவியைத் தாண்டி ஒரு ஆளுக்கும், முதலாளியோ, அண்ணனோ, கோயில் கமிட்டியோ, யாருக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. ஆஸ்பத்திரி ஆளுங்க யாராவது வெளிய விட்டா இந்தச் சட்டத்துல ஆம்புட்ஸ்மேன்னு ஒரு அதிகாரி உண்டு, அவருக்கு எழுதலாம், 30 நாளுக்குள்ள உத்தரவு போடணும். கோர்ட்டுக்குப் போனாலும் உங்க பேரை மறைச்சு வேற பேர்ல கேஸ் நடத்தச் சொல்லிக் கேக்கலாம்.

கேள்வி: வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் டெஸ்ட்னு ரத்தம் எடுத்தாங்க. அதுல எச்ஐவி டெஸ்ட்டும் பண்ணியிருக்காங்கன்னு பில்லைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. ரிப்போர்ட் நேரா எச்ஆர் மெயிலுக்குப் போயிருக்கு.

பதில்: வேலை கொடுக்குறதுக்கு எச்ஐவி டெஸ்ட்டை நிபந்தனையா வைக்கிறதே 2017 சட்டப்படி பாகுபாடு. டெஸ்ட்டுக்கு உங்க சம்மதமும் தனியா வாங்கியிருக்கணும். கம்பெனிக்குத் தெரிய வேண்டியது இந்த ஆள் இந்த வேலைக்கு ஃபிட்டா இல்லையாங்கிறது மட்டும், உங்க சுகர் எத்தனை, தைராய்டு எத்தனைன்னு அவங்களுக்கு எதுக்கு. எல்ஐசி ஒரு காலத்துல வேலைக்குச் சேர்ற பொண்ணுங்ககிட்ட மாதவிலக்கு தேதி, எத்தனை தடவை கர்ப்பம்னெல்லாம் ஃபாரத்துல கேட்டுச்சு, வேலை போன ஒரு பொண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் அந்தக் கேள்விகளையே எடுக்க வச்சாங்க. வேலையும் திரும்பக் கிடைச்சது. எச்ஆருக்கு மெயில்ல, எழுத்துல கேளுங்க, யாருக்கெல்லாம் அந்த ரிப்போர்ட் போயிருக்குன்னு.

கேள்வி: என் பொண்ணுக்கு 17 வயசு. ரெண்டு மாசம்னு தெரிஞ்சு துடிச்சுப் போயிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸுக்குச் சொல்லிடுவாங்களாமே, பேப்பர்ல வந்துடுமே. தெரிஞ்ச ஒரு அம்மா மாத்திரை தர்றேன்னு சொல்றாங்க.

பதில்: அந்த அம்மாகிட்ட மட்டும் போகாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். நாள்பட்டுக் கொடுத்த மாத்திரையில ரத்தம் நிக்காம வந்த புள்ளைங்களை நான் ஸ்ட்ரெச்சர்ல தள்ளியிருக்கேன்.

முதல்ல பொண்ணுகிட்ட தனியா, திட்டாம, அடிக்காம கேளுங்க, அவளா விரும்பினதா இல்ல யாராவது மிரட்டிப் பண்ணதா. மிரட்டினதுன்னா கேஸ் கொடுக்கணும், அவளுக்காக, 1098 குழந்தைகள் உதவி நம்பர் இருக்கு. ரெண்டு பேரும் விரும்பின விஷயம்னா, 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் இந்த நிலைமையை நினைச்சே ஒரு வழி சொல்லியிருக்கு. 18க்குக் கீழன்னா, குழந்தைகளைப் பாலியல் குற்றத்துலருந்து காப்பாத்துற போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் கொடுத்தே ஆகணும், அது மாறல, ஆனா கருக்கலைப்புக்கு வர்ற பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா அந்தத் தகவல்ல பொண்ணோட பேர், அடையாளம் எதையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்ல. இது நிறைய டாக்டருங்களுக்கே தெரியாது, நீங்க சொல்லுங்க, எழுதியே கொடுங்க. பேப்பர், டிவி பயம் வேண்டாம், போக்சோ கேஸ்ல குழந்தையோட அடையாளத்தை வெளியிட்டா அவங்களுக்கு ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. உங்க ஊர் வேண்டாம்னா பக்கத்து மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே.

கேள்வி: எனக்கு டிபி. ஹெல்த் டிபார்ட்மென்ட் ஆள் தெருவுல நின்னு "இங்க டிபி பேஷன்ட் வீடு எது"ன்னு நாலு வீட்டுல விசாரிச்சுட்டு வந்தார். பக்கத்து வீட்டுல இப்ப தண்ணிகூட வாங்க மாட்டேங்கிறாங்க.

பதில்: டிபியை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்கிறது 2012லருந்து விதி, பிரைவேட் டாக்டரும் சொல்லியே ஆகணும், அதுல உங்க சம்மதம் கேக்க மாட்டாங்க, கேக்கவும் தேவையில்ல. அதனாலதான் மாத்திரையும் மாசம் 1000 ரூபா சத்துணவுப் பணமும் உங்களைத் தேடி வருது. ஆனா அரசாங்கத்துக்குச் சொல்றது வேற, தெருவுக்குச் சொல்றது வேற. கொரோனா நேரத்துல சென்னையில வீட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா, வாசல்ல போஸ்டர் ஒட்டி ஆளை அடையாளம் காட்டுறது தேவையில்லன்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. அந்த ஆளோட மேலதிகாரிகிட்ட, ஆரம்ப சுகாதார நிலைய மெடிக்கல் ஆபீசர்கிட்ட சொல்லுங்க, இனிமே போன் பண்ணிட்டு வரணும், இல்லைன்னா நானே வந்து வாங்கிக்கிறேன்னு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு, மாத்திரை ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சா சில வாரத்துலயே பரவுறது நின்னுடும்னு அந்த மெடிக்கல் ஆபீசர் ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும், உங்களுக்கு சம்மதம்னா மட்டும்.

கேள்வி: என் குழந்தையோட தீக்காயத்தை டாக்டர் போன்ல படம் எடுத்தார், இப்ப அவங்க ஆஸ்பத்திரி ஃபேஸ்புக்ல முன்னாடி, பின்னாடின்னு போட்டிருக்காங்க. முகமும் தெரியுது.

பதில்: எடுக்கச் சொல்லி இன்னைக்கே எழுதிக் கொடுங்க, அதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ஆள் தெரியுற மாதிரி படத்தை மெடிக்கல் ஜர்னல்ல போடுறதுக்கே அனுமதி வாங்கணும்னு 2002 மருத்துவ ஒழுக்க விதியில இருக்கு, விளம்பரத்துக்கு எப்படிப் போடலாம். எடுக்கலைன்னா டாக்டர் மேல தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கும், ஆஸ்பத்திரி மேல மாவட்ட ஜேடி (சுகாதார இணை இயக்குநர்) ஆபீஸுக்கும் புகார் போகட்டும்.

கேள்வி: ரிட்டயர்டு வாத்தியார், வயது 68. வயிற்றில் கட்டி என்று பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டை மகன் வாங்கிக்கொண்டான். அல்சர் என்கிறார்கள் வீட்டில். ஆனால் மாதம் ஒருமுறை என்னை அழைத்துப் போகும் கட்டிடத்தின் போர்டில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. நான் கேட்டால் டாக்டர் என் மகன் முகத்தைப் பார்க்கிறார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார்களா அம்மா?

பதில்: ஐயா, வந்ததுலயே உங்க கடிதம்தான் என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சது. ரகசியம்னா ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு மட்டும் நினைக்கிறோம். உங்க விஷயத்துல வீடு முழுக்கத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியல, இதுவும் ரகசியத்தை உடைச்சதுதான், தலைகீழா. அந்த ரிப்போர்ட் உங்களோடது. டாக்டர் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு, மகன்கிட்ட சொல்லலாமான்னு உங்களைக் கேட்டிருக்கணும்.

மகன் மேல கோவப்படாதீங்க. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்"னு என் கையைப் பிடிச்சு அழுத பிள்ளைங்களை எண்ண முடியாது. பாசம்தான், பொய்யில்ல. ஆனா எங்க வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க, கர்ப்பப்பை புற்றுநோய், பிள்ளைங்க கட்டின்னு சொல்லி வச்சிருந்தாங்க. அந்த அம்மாவுக்கு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, தெரியாத மாதிரி இருந்தாங்க, பிள்ளைங்க மனசு உடைஞ்சிடக் கூடாதேன்னு. ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, பக்கத்துத் தெரு அம்மாகிட்ட தான் கட்டின ஏலச்சீட்டுல 40,000 ரூபா வர வேண்டியிருக்கு, நோட்டு அரிசி டிரம்முக்கு அடியில இருக்கு, மூத்தவகிட்ட நீங்க எப்படியாவது சொல்லிடுங்கன்னு சொன்னாங்க. தானே சொன்னா, ஏன் இப்ப சொல்றன்னு மக கேப்பாளே, அப்ப தெரிஞ்சதை ஒத்துக்கணுமே. பெத்த மக பக்கத்துலயே பாய் போட்டுத் தூங்குறா, சொல்ல வேண்டியதை நர்ஸ்கிட்ட சொல்ல வேண்டியிருந்தது.

நீங்க இதைச் செய்யுங்க. அடுத்த தடவை போகும்போது உங்க நம்பர் கூப்பிடுறதுக்கு முன்னாடி மகனை வெளிய டீ குடிச்சுட்டு வரச் சொல்லுங்க. உள்ள போய் உக்காந்து, "டாக்டர், போர்டை நான் படிச்சுட்டேன். எந்த நிலையில இருக்கு, என்ன மருந்து, எவ்வளவு நாள், எனக்கே சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவர் தயங்கினா கேஸ் ஷீட், பயாப்ஸி ரிப்போர்ட் காப்பி வேணும்னு உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க, கேட்ட 72 மணி நேரத்துல நோயாளிக்குக் கொடுக்கணும்னு விதி இருக்கு. எல்லாத்தையும் தெரிஞ்சுக்க வேண்டாம், பாதி போதும்னு தோணினாலும் சரிதான், அதையும் நீங்களே சொல்லுங்க, இதுக்கு மேல மகன்கிட்ட பேசிக்கோங்கன்னு. அப்ப அது உங்க முடிவா இருக்கும்.

டாக்டர் சொன்னதை மகன்கிட்ட எப்பச் சொல்றதுங்கிறதும் உங்க இஷ்டம். பஸ்ல திரும்பி வரும்போது சொன்னாலும் சரி, ஒரு வாரம் கழிச்சு சொன்னாலும் சரி. எனக்கும் ஒரு வரி எழுதுங்க ஐயா, பத்திரிகையில போட மாட்டேன்.